சின்னக் கடையின் வெப்சைட்டை கூகுளில் கண்ணில் படவைப்பது எப்படி? அடிப்படை எஸ்.இ.ஓ. முழு வழிகாட்டி

"வெப்சைட் போட்டு ஆறு மாசமாச்சு. கடைப் பேரைத் தட்டினா வருது, வேற எதைத் தட்டினாலும் வரலை." சிறு தொழில் செய்பவர்கள் பலரிடம் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். வெப்சைட் செய்து கொடுத்தவரைக் கேட்டால், "எஸ்.இ.ஓ. தனி பேக்கேஜ் சார்" என்று மாதக் கட்டணம் ஒன்றைச் சொல்வார். எஸ்.இ.ஓ. என்பது கூகுள் போன்ற தேடுபொறிகளில் தளம் மேலே தெரியும்படி செய்யும் வேலை. கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்னால், நீங்களே செய்துகொள்ளக்கூடிய வேலை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஒரு சின்னக் கடைக்குத் தேவையானதில் பெரும்பகுதிக்குக் கோடிங் தெரிய வேண்டியதில்லை. தொழில் தெரிந்தால் போதும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஓர் உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம்: காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய் கடை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் விற்கிறார்கள். வாடிக்கையாளர் கொண்டு வரும் கடலையையும் கொப்பரையையும் கூலிக்கு ஆட்டித் தருகிறார்கள். வெளியூருக்குப் பார்சலும் உண்டு. வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஐந்தாறு பக்கத்தோடு ஒரு தளம் இருக்கிறது. உங்கள் தொழில் தையல் கடையாகவோ, ஏசி சர்வீஸாகவோ, டியூஷன் சென்டராகவோ இருந்தால் அந்த இடத்தில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூகுள் செய்வது மூன்று வேலை. அதன் ரோபோ இணைப்புகளைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கும். படித்ததைத் தன் கிடங்கில் சேர்த்துவைக்கும். யாராவது தேடும்போது அந்தக் கிடங்கிலிருந்து பொருத்தமானதை எடுத்து வரிசைப்படுத்தும். இந்த வரிசையில் காசு கொடுத்து இடம் வாங்க முடியாது. காசு கொடுத்து மேலே வருவது விளம்பரம். அதற்குத் தனி அடையாளம் போட்டிருப்பார்கள். ஆக, நம் தளம் படிக்கப்பட்டதா, சேர்க்கப்பட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வரிசையைப் பற்றிப் பேச வேண்டும். பலர் மூன்றாவதற்கு நேராகத் தாவி, முதல் இரண்டில் மாட்டிக்கொண்டு கிடப்பார்கள்.

முதல் படி: கூகுளுக்கு உங்கள் தளம் தெரிகிறதா?

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் (site) என்று தட்டி, பக்கத்திலேயே இடைவெளி விடாமல் இரட்டைப் புள்ளி வைத்து, அதை ஒட்டி உங்கள் டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணையப் பெயரை, தட்டுங்கள். உங்கள் தளத்தில் கூகுள் சேர்த்துவைத்திருக்கும் பக்கங்கள் வரும். ஒன்றுமே வரவில்லை என்றால் தளம் இன்னும் கிடங்குக்குள்ளேயே போகவில்லை என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது கூகுள் சர்ச் கன்சோல். இலவசம். உங்கள் தளம் கூகுளில் எத்தனை முறை தெரிந்தது, என்ன தேடியபோது தெரிந்தது, எந்தப் பக்கத்தைச் சேர்க்கவில்லை, ஏன் என்றெல்லாம் அது சொல்லும். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க, டொமைன் வாங்கிய இடத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லும். தெரியாவிட்டால் வெப்சைட் செய்தவரிடம் கேளுங்கள், ஐந்து நிமிட வேலை. ஆனால் கணக்கு உங்கள் ஜிமெயிலில் இருக்க வேண்டும், அவருடையதில் வேண்டாம். டொமைனும் அப்படித்தான். உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். டிசைனரின் கணக்கில் டொமைன் கிடந்து, புதுப்பிக்கும் தேதியில் அவர் போனை எடுக்காமல் போனால், எந்த எஸ்.இ.ஓ.வும் உதவிக்கு வராது.

கன்சோல் திறந்ததும் சைட்மேப்பைக் கொடுத்துவிடுங்கள். சைட்மேப் என்பது உங்கள் தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியல். வேர்ட்பிரஸ் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து இதைத் தானாகவே உருவாக்குகிறது. ஐந்தாறு பக்கத் தளத்துக்கு இது கட்டாயம் என்று சொல்ல முடியாது, இருந்தால் நல்லது.

தளம் கிடங்குக்குள் போகாமல் இருக்க வழக்கமான காரணங்கள் சில உண்டு. வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங் என்று போனால் அடியில் ஒரு டிக் பெட்டி இருக்கும். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் பெட்டி அது. தளம் கட்டும்போது டெவலப்பர் அதை டிக் செய்து வைப்பது வழக்கம், நல்ல பழக்கமும்கூட. கட்டி முடித்து ஒப்படைக்கும்போது எடுக்க மறந்துவிட்டால் வந்தது வினை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தளம் ஜோராகத் தெரியும், கூகுளுக்கு மட்டும் கதவு மூடியிருக்கும். முதலில் இதைப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் நம்மூருக்கே உரியது. கடைக்கு அடித்த நோட்டீஸை அப்படியே ஜேபிஜி படமாக ஏற்றிவிட்டு, "விவரமெல்லாம் போட்டாச்சு" என்று இருப்பார்கள். விலைப்பட்டியல், போன் நம்பர், முகவரி எல்லாம் படத்துக்குள். அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ள கூகுள் நம்புவது பக்கத்தில் எழுத்தாக இருப்பதைத்தான். உங்கள் பக்கத்தில் உள்ள வரியை விரலால் அழுத்தி நகலெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது படம். அதை எழுத்தாகத் தட்டச்சு செய்து போடுங்கள்.

மூன்றாவது, பழைய எழுத்துரு. டிடிபி சென்டரில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த தமிழை அப்படியே ஒட்டினால், திரையில் தமிழ் மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல்தான். கூகுள் படிப்பது அந்தக் குவியலை. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் மாற்றித்தான் போட வேண்டும். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் நிறையவே இருக்கின்றன.

இரண்டாம் படி: மேப்பில் கடையை நிறுத்துங்கள்

உள்ளூர் வாடிக்கையாளரை நம்பியிருக்கும் தொழிலுக்கு வெப்சைட்டை விட முதலில் பலன் தருவது கூகுள் பிசினஸ் புரொஃபைல்தான். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று பெயர். "மரச்செக்கு எண்ணெய் காங்கேயம்" என்று தேடினால் மேலே மேப்போடு சில கடைகள் வருகின்றன அல்லவா, அதில் இடம்பெற இதுதான் வழி. இதுவும் இலவசம்.

கடை ஏற்கெனவே மேப்பில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். யாராவது ஒரு வாடிக்கையாளர் சேர்த்திருக்கலாம். இருந்தால் அதையே உரிமை கோருங்கள். இன்னொன்று புதிதாகத் தொடங்கினால் ஒரே கடை இரண்டாகத் தெரிந்து குழப்பம். சரிபார்ப்புக்கு இப்போது வீடியோ கேட்பது சகஜம். தெரு, பெயர்ப் பலகை, உள்ளே செக்கு, கல்லா, பூட்டைச் சாவி போட்டுத் திறப்பது என்று இடைவெட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுத்துவிடுங்கள். பெயர்ப் பலகையில் உள்ள பெயரும் புரொஃபைலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெயரில்தான் பலர் ஆசைப்படுகிறார்கள். கடையின் பெயருக்குப் பின்னால் "சிறந்த மரச்செக்கு எண்ணெய் காங்கேயம் திருப்பூர்" என்று வால் ஒட்டுவார்கள். கொஞ்ச நாள் பலன் தருவது போலவும் இருக்கும். ஆனால் அது கூகுளின் விதிக்கு எதிரானது. யாராவது புகார் செய்தால் புரொஃபைலே முடங்கலாம். சேர்த்து வைத்த ரிவ்யூக்களோடு முடங்கிப் போவதற்கு இந்த வால் தேவையில்லை.

மேப் வரிசையைத் தீர்மானிப்பது பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றுதான் என்று கூகுளே சொல்கிறது. தூரம் உங்கள் கையில் இல்லை. பொருத்தம் முழுக்க உங்கள் கையில்: முதன்மை வகையை உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமானதாகத் தேர்ந்தெடுங்கள்; அதோடு இன்னும் ஒன்பது வகை வரை சேர்க்கலாம். ஆனால் உண்மையில் செய்வதை மட்டும் சேருங்கள். ஆட்டித் தரும் சேவை, பார்சல் சேவை, ஒவ்வொரு எண்ணெய் வகை என்று தனித்தனியாகப் பட்டியலிடுங்கள். வேலை நேரம் சரியாக இருக்கட்டும். பொங்கல், ஆயுத பூஜை விடுமுறையை முன்கூட்டியே போட்டுவையுங்கள். மேப்பை நம்பி பல்லடத்திலிருந்து கடலை மூட்டையோடு வந்தவர் பூட்டிய கடையைப் பார்த்தால், அன்று சாயங்காலமே ஒற்றை ஸ்டார் விழும்.

ரிவ்யூ கேட்பதில் கூச்சம் வேண்டாம். புரொஃபைலிலேயே ரிவ்யூ கேட்கும் லிங்க் கிடைக்கும். பில் போட்டதும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "அஞ்சு ஸ்டார் போட்டா அரை லிட்டர் இலவசம்" என்பது மட்டும் கூடாது. பரிசு கொடுத்து ரிவ்யூ வாங்குவது விதிமீறல். திட்டி வந்த ரிவ்யூவுக்கும் பொறுமையாகப் பதில் எழுதுங்கள். அதைப் படிக்கப்போவது திட்டியவர் மட்டும் கிடையாது, அடுத்து வரப்போகும் நூறு பேரும்தான்.

மூன்றாம் படி: ஜனங்கள் என்ன வார்த்தையில் தேடுகிறார்கள்?

எஸ்.இ.ஓ.வில் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒரே கடலை எண்ணெயை எத்தனை விதமாகத் தேடுகிறார்கள் பாருங்கள். தமிழ் எழுத்தில் "மரச்செக்கு கடலை எண்ணெய்" என்று தட்டுபவர் ஒருவர். அதே தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர் இன்னொருவர். இவர் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். சென்னையில் ஐடி வேலையில் இருப்பவர் "கோல்ட் பிரஸ்டு கிரவுண்ட்நட் ஆயில்" என்று ஆங்கிலத்தில் தேடுவார். "உட் பிரஸ்டு" என்பவரும் உண்டு. போனில் மைக்கை அமுக்கி, "பக்கத்துல செக்கு எண்ணெய் எங்க கிடைக்கும்" என்று பேசித் தேடுபவரும் உண்டு.

இதைத் தெரிந்துகொள்ள விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டாம். பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலை (உங்கள் பழைய தேடல்கள் கலக்காத தனி ஜன்னல்) திறந்து, தேடல் பெட்டியில் "செக்கு எண்ணெய்" என்று தட்டி நிறுத்துங்கள். கீழே கூகுள் நீட்டும் பரிந்துரைகள் எல்லாம் மற்றவர்கள் தேடியவை. குறித்துக்கொள்ளுங்கள். அதையே ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள், பட்டியல் மாறும். முடிவுகள் பக்கத்தில் மற்றவர்கள் கேட்ட கேள்விகள் என்று ஒரு பெட்டி வரும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் ஆட்ஸ் கணக்கு இருந்தால் அதில் கீவேர்ட் பிளானர் என்ற கருவி, ஒரு சொல்லை மாதம் தோராயமாக எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும். தமிழ்ச் சொற்களுக்கும் சின்ன ஊர்களுக்கும் பல நேரம் மிகச் சிறிய எண்தான் காட்டும். அதைப் பார்த்துச் சோர வேண்டாம். மாதம் முப்பது பேர் "காங்கேயத்தில் கடலை ஆட்டும் செக்கு" என்று தேடினால், அந்த முப்பது பேரும் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு தேடுபவர்கள்.

"சமையல் எண்ணெய்" என்ற பெரிய சொல்லுக்கு ஆசைப்படாதீர்கள். அங்கே பெரிய பிராண்டுகளும் ஆன்லைன் அங்காடிகளும் உட்கார்ந்திருக்கின்றன. நெருக்கமான, நீளமான, ஊர்ப் பெயர் கலந்த தேடல்களில்தான் உங்களுக்கு இடம் இருக்கிறது.

இன்னொரு சுரங்கம் உங்கள் கல்லாவிலேயே இருக்கிறது. வாடிக்கையாளர் நேரிலும் போனிலும் கேட்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். செக்கு எண்ணெய் கடையில் இவையெல்லாம் வரும்:

– பாட்டில் அடியில் கசடு தங்குதே, கெட்டுப்போச்சா?
– நாங்களே கடலை கொண்டுவந்தா ஆட்டித் தருவீங்களா, கூலி எவ்வளவு, புண்ணாக்கு யாருக்கு?
– ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்தனை கிலோ கடலை போகும்?
– நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுறீங்களா?
– தேங்காய் எண்ணெய் மார்கழியில உறையுதே, கலப்படமா?

இந்தக் கேள்விகளை எந்த ஏஜென்சியும் உங்களுக்குக் கண்டுபிடித்துத் தரப்போவதில்லை. உங்களிடம் கேட்பவர் பத்துப் பேர் என்றால் கூகுளிடம் கேட்பவர் அதைவிட அதிகம்.

நான்காம் படி: பக்கங்களை எழுதுவது

சேர்த்த தேடல்களை வகை பிரியுங்கள். ஒரு தேவைக்கு ஒரு பக்கம். கடலை எண்ணெய்க்கு ஒன்று, நல்லெண்ணெய்க்கு ஒன்று, தேங்காய் எண்ணெய்க்கு ஒன்று, "கூலிக்கு ஆட்டித் தருகிறோம்" என்பதற்குத் தனியாக ஒன்று. இந்தக் கடைசிப் பக்கத்தைப் பெரும்பாலான செக்குக் கடைகள் வைத்திருப்பதில்லை. முகப்பின் மூலையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் உள்ளூரில் தேடி வருபவருக்கு வேண்டியது அதுதான்.

இப்போது எழுத்து. சாதாரணமாகத் தளங்களில் இருப்பது இப்படி: "எங்கள் நிறுவனம் தரத்தில் சமரசமின்றி, வாடிக்கையாளர் திருப்தியையே குறிக்கோளாகக் கொண்டு செயல்பட்டு வருகிறது." இதில் எண்ணெய் என்ற சொல்கூட இல்லை. கசடு பற்றிய கேள்விக்குக் கல்லாவில் நின்று நீங்கள் சொல்லும் பதிலை அப்படியே எழுதிப் பாருங்கள்:

"ஆட்டிய எண்ணெயைத் தெளியவிட்டு, துணியில் வடிகட்டித்தான் அடைக்கிறோம். ரீஃபைன் செய்வதில்லை. அதனால் சில நாளில் பாட்டில் அடியில் மெல்லிய வண்டல் தங்கும். அது கடலையின் துகள்தான். மேலாக ஊற்றிப் பயன்படுத்துங்கள். எண்ணெயில் காறல் வாடை வந்தால் மட்டும் கெட்டுவிட்டது என்று அர்த்தம்."

தேடி வந்தவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கடலை, எண்ணெய், வடிகட்டி, வண்டல், ரீஃபைன் என்று தொடர்புள்ள சொற்களும் தானாக வந்து விழுந்துவிட்டன. "மரச்செக்கு எண்ணெய்" என்பதைப் பத்தியில் எட்டு முறை திணிக்க வேண்டிய தேவையே இல்லை. அப்படித் திணிப்பதை கூகுள் ஸ்பேம் என்றே வகைப்படுத்துகிறது. முன்பு ஒரு காலத்தில் மெட்டா கீவேர்ட்ஸ் என்று சொற்களை மறைவாக அடுக்கி வைப்பார்கள். அதை வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. இன்றைக்கும் அதற்குக் கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏஐ கருவியைக் கொண்டு எழுதலாமா? ஏஐ எழுதியது என்பதற்காக மட்டும் கூகுள் ஒதுக்குவதில்லை. யாருக்கும் பயன்படாத பக்கங்களைக் கொத்துக் கொத்தாக உற்பத்தி செய்வதைத்தான் 2024 மார்ச்சில் ஸ்பேம் விதிகளில் சேர்த்தார்கள். என் யோசனை: எழுத்துப் பிழை திருத்த, வரிசைப்படுத்த வைத்துக்கொள்ளுங்கள். கசடு பற்றிய பதில் உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

எண்ணெய் மாதிரி உணவுப் பொருள் விற்பவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். "சர்க்கரை நோயைக் குணமாக்கும், இதய அடைப்பைக் கரைக்கும்" என்றெல்லாம் எழுதாதீர்கள். உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நம்பகத்தன்மையை கூகுள் இன்னும் கூடுதலாகப் பார்க்கும். சட்டப்படியும் சிக்கல். அதற்குப் பதில், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண், முழு முகவரி, செக்கு ஓடும் படம், கடலை எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்ற விவரம் போடுங்கள். நம்பிக்கை வர இவையே போதும்.

ஊருக்கு ஒரு பக்கம் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். திருப்பூர், பல்லடம், தாராபுரம், வெள்ளக்கோவில் என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே எழுத்தை இருபது பக்கத்தில் ஒட்டுவது விதிமீறல். தாராபுரத்தில் உண்மையிலேயே கிளை இருந்தால் அதற்குப் பக்கம் போடுங்கள், அந்தக் கிளையின் முகவரி, நேரம், படத்தோடு.

ஐந்தாம் படி: டைட்டில், விவரம், முகவரி, படம்

கூகுள் முடிவில் பெரிதாகத் தெரியும் வரி டைட்டில். உங்கள் தளத்தின் டைட்டில் இப்போது "ஹோம்" என்றோ "முகப்பு" என்றோ இருந்தால், அரை மணி நேரத்தில் மிகப் பெரிய முன்னேற்றத்தை இங்கேதான் பார்க்கலாம். வேர்ட்பிரஸில் யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற இலவச பிளகினில் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை மென்பொருள்) இதை மாற்றலாம். என்ன பொருள், எந்த ஊர், கடைப் பெயர் என்ற வரிசை பெரும்பாலும் சரிப்படும்: "மரச்செக்கு கடலை எண்ணெய், காங்கேயம்", அதையடுத்து கடைப் பெயர். ஆட்டும் சேவைப் பக்கத்துக்கு: "கடலை, எள், கொப்பரை ஆட்டித் தருகிறோம் – காங்கேயம்". ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறு டைட்டில் வேண்டும். இத்தனை எழுத்து என்று கூகுள் வரம்பு வைக்கவில்லை, ஆனால் திரை அகலம் தாண்டினால் வெட்டிவிடும். தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்கும் என்பதால் முக்கியமானது முன்னால் வரட்டும். சில நேரம் கூகுள் தானே டைட்டிலை மாற்றிக் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அதன் கீழே வரும் இரண்டு வரி மெட்டா டிஸ்கிரிப்ஷன். வரிசையில் ஏற இது உதவாது, ஆனால் கிளிக் செய்வதா வேண்டாமா என்று ஆள் முடிவெடுப்பது இதைப் படித்துத்தான். "வாகை மரச் செக்கில் ஆட்டிய எண்ணெய். ஞாயிறும் கடை உண்டு. தமிழ்நாடு முழுக்க பார்சல்." இப்படி விஷயத்தைச் சொல்லுங்கள்.

பக்க முகவரியில், அதாவது பிரவுசரில் மேலே தெரியும் இணைய முகவரியில், தமிழ் எழுத்து வைக்கலாமா? கூகுள் படித்துக்கொள்ளும். ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பல நேரம் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டு போகும். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் முகவரியில் ஒன்பது இடம் பிடிக்கும்; எழுத்தின் மேல் வரும் புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறியீடுதான். "எண்ணெய்" என்ற ஒரு சொல்லுக்கே 63. "மரச்செக்கு-கடலை-எண்ணெய்" என்றால் 191. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்குக் கொடுப்பது 200தான், நான்காவது சொல் சேர்ந்தால் வாலறுந்துவிடும். அதனால் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே வேறு மாதிரி இருந்து, அந்தப் பக்கத்துக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தால் சும்மா மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பத்தைப் போட்டுவிட்டு மாற்றுங்கள்.

படங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒரு வரி உண்டு. படம் தெரியாதவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது அது. "வாகை மரச் செக்கில் கடலை ஆட்டுகிறார்கள்" என்று எழுதினால் போதும்.

ஆறாம் படி: போனும் வேகமும்

உங்கள் வாடிக்கையாளர் தளத்தைப் பார்ப்பது போனில். கூகுளும் இப்போது தளங்களைப் போன் வடிவத்தில்தான் படிக்கிறது. 2016இல் அறிவித்து, 2023 அக்டோபரில் அந்த மாற்றத்தை முடித்ததாகச் சொன்னது. எனவே லேப்டாப்பில் அழகு பார்ப்பதை விட்டு, ஒரு சாதாரண போனை எடுத்து, வைஃபையை அணைத்து, உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். நம்பரைத் தொட்டால் அழைப்பு போகிறதா? வாட்ஸ்அப் பொத்தான் எழுத்தை மறைக்கிறதா?

பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் கருவியில் முகவரியைக் கொடுத்தால் வேக அறிக்கை வரும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று. சின்னத் தளங்களில் இது தவறுவதற்குக் காரணம் அநேகமாகப் படங்கள்தான். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் போட்டு வெப்பி வடிவத்துக்கு மாற்றினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் நூறு, இருநூறு கேபிக்கு இறங்கிவிடும். முகப்பில் ஓடும் ஸ்லைடரையும் எடுத்துவிடலாம். அதை யாரும் நின்று பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். வேக மதிப்பெண்ணை 100 ஆக்கும் வெறி மட்டும் வேண்டாம்.

தளத்தின் முகவரி ஹெச்டிடிபிஎஸ்ஸில் (https) தொடங்குகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் குரோம் "பாதுகாப்பற்றது" என்று காட்டும். அதற்குத் தேவையான லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம், பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒரு பொத்தானில் போட்டுத் தருகின்றன.

ஏழாம் படி: தமிழா, ஆங்கிலமா?

இரண்டும் வைக்கலாம், ஆனால் இரண்டுக்கும் தனித்தனி முகவரி வேண்டும். ஒரே பக்கத்தில் பொத்தானை அமுக்கினால் தானாக மொழிபெயர்க்கும் விட்ஜெட் இருக்கிறதே, அது பார்ப்பவருக்கு உதவலாம். கூகுளின் கிடங்கில் அதனால் தமிழ்ப் பக்கம் ஒன்று சேராது. தனித்தனியாக வைத்து, ஹெச்ரெஃப்லாங் என்ற குறிப்பால் இது தமிழ், அது ஆங்கிலம் என்று ஒன்றையொன்று காட்டச் சொல்லுங்கள். மொழி பிளகின்கள் இதைத் தானே செய்யும்.

உள்ளூர்க்காரருக்கு ஆட்டித் தரும் பக்கம் தமிழில், வெளியூர் பார்சலுக்கான எண்ணெய்ப் பக்கம் இரு மொழியிலும் என்று பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகும். தமிழில் போட்டி குறைவு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: மற்ற தளங்களிலிருந்து இணைப்பு

லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் கூகுளைத் தொடங்கியபோது அவர்களுடைய அடிப்படை எண்ணமே இதுதான்: ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் இணைப்பு கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. இன்றும் இணைப்புக்கு மதிப்பு உண்டு. அதனால்தான் அதை விற்கும் சந்தையும் உண்டு. "500 பேக்லிங்க் இரண்டாயிரம் ரூபாய்" என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள். இணைப்பு வாங்கி ஏமாற்றுவதைப் பிடிக்கவே 2012இல் பெங்குவின் என்ற மாற்றத்தை கூகுள் கொண்டுவந்தது.

உங்கள் எண்ணெயை வாங்கி விற்கும் இயற்கை அங்காடி, கடலை தரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மாணவர்களைச் செக்கு பார்க்க அழைத்துவந்த கல்லூரி, உங்களைப் பற்றி எழுதிய உள்ளூர்ச் செய்தித் தளம், வீடியோ எடுத்துப்போட்ட சமையல் சேனல் என்று உண்மையான தொடர்புள்ளவர்களிடம் கேளுங்கள். ஐந்து கிடைத்தாலும் கௌரவம்தான். இந்தியாமார்ட், ஜஸ்ட்டயல் போன்ற பட்டியல்களில் இருந்தால், கடைப் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: மாதம் ஒரு தடவை பார்ப்பது

தினமும் "நம்ம கடை எத்தனாவது?" என்று தேடிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தையும் முன்பு தேடியதையும் வைத்து முடிவு மாறும். மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறங்கள். என்ன தேடியபோது தளம் தெரிந்தது, எத்தனை கிளிக், சராசரி இடம் எது என்று இருக்கும். கடைப் பெயரைத் தட்டி வந்தவர்களை வடிகட்டியில் நீக்கிவிட்டுப் பாருங்கள், அவர்கள் எப்படியும் வந்திருப்பார்கள்.

பிறகு சராசரி இடம் எட்டிலிருந்து இருபதுக்குள் இருக்கும் தேடல்களைக் கவனியுங்கள். உதாரணமாக, "எள் ஆட்டும் கூலி" என்ற தேடலில் உங்கள் தளம் பன்னிரண்டாவதாக அடிக்கடி தெரிகிறது, கிளிக் ஒன்றுமில்லை. உங்கள் பக்கத்தைத் திறந்தால் கடலை கூலி மட்டும்தான் எழுதியிருக்கிறது. எள்ளுக்கும் கூலி, குறைந்தபட்சம் எத்தனை கிலோ வேண்டும், கருப்பட்டி யார் கொண்டுவர வேண்டும் என்று சேர்த்து எழுதிவிட்டு, கன்சோலில் அந்தப் பக்கத்தை மறுபடி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிதாக ஒரு பக்கம் எழுதுவதை விட இந்த ஒட்டுவேலை சீக்கிரம் பலன் தரும்.

பிசினஸ் புரொஃபைலில் எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற எண்ணும் கிடைக்கும். கடைக்காரருக்கு அந்த எண்தான் முக்கியம்.

எப்போது பலன் தெரியும்? எஸ்.இ.ஓ. வேலைக்குப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்று கூகுளே 2017இல் வெளியிட்ட வீடியோவில் சொன்னது. மேப்பில் சில சமயம் முன்னதாகவே தெரியும். இந்தியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ சுருக்கமும் வருகிறது. அதில் இடம்பெறத் தனி வித்தை எதுவும் தேவையில்லை, வழக்கமான எஸ்.இ.ஓ.வே போதும் என்கிறது கூகுள். கசடு ஏன் வருகிறது என்பதற்கு அங்கேயே பதில் கிடைத்து, உங்கள் தளத்துக்கு வராமல் போகிறவர்கள் கொஞ்சம் இருப்பார்கள். கடலையை ஆட்ட வேண்டியவர் எப்படியும் செக்கைத் தேடித்தான் வர வேண்டும். அதனால் சேவைப் பக்கங்களுக்கும் மேப்புக்கும் முதலிடம் கொடுங்கள்.

ஆள் வைத்துச் செய்வதென்றால்

இவ்வளவுக்கும் நேரமில்லை, ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். "முதல் இடம் உத்தரவாதம்" என்பவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த உத்தரவாதம் யாராலும் தர முடியாது என்று கூகுளே எச்சரிக்கிறது. "கூகுள்ல இருந்து பேசறோம், பணம் கட்டலைன்னா உங்க கடை மேப்ல இருந்து போயிடும்" என்று போன் வந்தால் அது மோசடி.

மற்றவரிடம் கேட்க வேண்டியது: முதல் மாதம் எந்தெந்தப் பக்கத்தில் என்ன மாற்றப்போகிறீர்கள்? இணைப்புகளை எங்கிருந்து பெற்றுத் தருவீர்கள்? எழுதுவது யார், செக்கைப் பார்க்க ஒருநாள் வருவார்களா? பதிலைக் கேட்டாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். ஒப்புக்கொண்ட பிறகும் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம். சர்ச் கன்சோலிலும் பிசினஸ் புரொஃபைலிலும் அவருடைய மெயிலை ஒரு பயனராகவோ மேனேஜராகவோ சேர்த்தால் அவருடைய வேலை நடக்கும். உரிமையாளர் இடத்தில் உங்கள் மெயில் மட்டும் இருக்கட்டும். ஒப்பந்தம் முடிந்த அன்றே அவருடைய மெயிலை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.